நேரில் சொல்ல வைத்திருந்த சேதி

மலாக்கி டூயியின் தொகுதி அலுவலகத்துக்கு நல்ல சேதி எப்படி வந்து சேர்கிறது என்பதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது தானாகப் புரியும்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கில்மொரா மாதிரி ஓர் ஊரில், ஒரு கிழவிக்கு உதவித்தொகையோ, ஒழுகும் கூரையை மாற்ற மானியமோ, படுக்கையில் விழுந்தவரைப் பார்த்துக்கொள்ள ஆளோ வேண்டுமென்றால் அதைத் தீர்மானிப்பது ஏதாவதோர் அரசு அலுவலகம். தகுதி இருந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் கிடைக்காது. எம்.பி. சிபாரிசுக் கடிதம் எழுதுவதால் அந்தத் தராசு மயிரிழைகூடச் சாயாது. இது அதிகாரிகள் எல்லோருக்கும் தெரியும். எம்.பி.க்கும் தெரியும். ஊருக்கு மட்டும் தெரியாது.

ஊருக்குத் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் ஒரு ஃபோன். முடிவான பிறகு, கடிதம் தபால் பைக்குள் விழுமுன், அந்த அலுவலகத்திலிருந்து எம்.பி.யின் அலுவலகத்துக்கு ஒருவர் மரியாதைக்காகக் கூப்பிடுவார். "நீங்க கேட்டிருந்தது ஆயிடுச்சு, லெட்டர் எப்ப போடட்டும்?" என்பார். கடிதத்துக்கு முன்னால் எம்.பி. அந்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டால், அது எம்.பி. போராடி வாங்கிக் கொடுத்தது. கடிதம் முந்திக்கொண்டால், அது வெறும் அரசாங்கம் கொடுத்தது. இடையில் கிடைக்கும் ஒன்றிரண்டு நாளில்தான் அந்தத் தொகுதியே நின்றுகொண்டிருந்தது.

ஃபோனை எடுப்பவள் டிம்ப்னா. ஐம்பதைத் தாண்டியவள். முன்பு பூக்கடையாக இருந்த அந்த அலுவலகத்தில் மேசை, கெட்டில், இரண்டு நாற்காலி, ஒரு ரேடியோ. காலை ஒன்பது மணிச் செய்தி முடிந்ததும் உள்ளூர் ரேடியோவில் மரண அறிவிப்புகள் வாசிப்பார்கள். டிம்ப்னா பேனாவோடு உட்கார்ந்து கேட்பாள். யார் போனார், எந்த வீட்டில் உடல், எத்தனை மணிக்கு ஜெபம். இறந்தவரின் மருமகன் எந்த ஊர், அவன் அம்மா வழியில் யார் யார், போன தேர்தலில் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவள் தலைக்குள்ளேயே இருக்கும். ஒரே மாலையில் மூன்று சாவுவீடு என்றால் எதை முதலில் வைக்க வேண்டும், எங்கே பின்வாசலால் நுழைய வேண்டும், எந்த விதவையின் கையைப் பிடித்தால் போதும், எவளைத் தோளோடு அணைக்க வேண்டும் என்று வழித்தடம் போட்டுக் கொடுப்பாள். இந்த வேலையின் நுணுக்கத்தை அவள் ரசித்தாள் என்பதே உண்மை. கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து பற்சக்கரங்கள் ஒன்றை ஒன்று தள்ளுவதைப் பார்ப்பவர் ரசிப்பது போல.

மலாக்கி டூயி அந்தக் கடிகாரத்தின் முகம். வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. அந்தச் சபதத்துக்கு அடையாளமான, இயேசுவின் திரு இருதயம் பொறித்த சின்னம் எப்போதும் கோட்டில் குத்தியிருக்கும். ஏழரை மணிப் பூசையைத் தவறவிட்டதில்லை. பயணப்படியில் மிச்சமானதைத் திருப்பிக் கட்டியவர். அதற்காக நாடாளுமன்றத்தில் அவரைப் பார்த்து எதிர்க்கட்சிக்காரர்களே சிரித்திருக்கிறார்கள். படுக்கையில் கிடந்த தாயை வார இறுதிகளில் தன் கையாலேயே குளிப்பாட்டியவர். இதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் டிம்ப்னாவுக்குப் பிற்பாடு இவ்வளவு குமட்டியிருக்காது.

கேலி செய்பவர்களும் உண்டு. "மலாக்கி கொஞ்சம் குடிச்சிருந்தா நம்ம ரோட்டுல குழியாவது அவன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்பார் பால்பண்ணைக்காரர் ஷோனி. சொல்லிவிட்டுத் தேர்தலன்று அவருக்கே போடுவார். ஏன் என்று கேட்டால், "நல்ல மனுஷன்பா" என்பதோடு முடித்துக்கொள்வார்.

அந்த வருடம் ஃபெஸ்டி என்ற முதியவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒருகாலத்தில் சாலை போடும் ரோலர் ஓட்டியவர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது, நுரையீரலும் மெல்லக் கைவிட்டுக்கொண்டிருந்தது. பிழைக்கமாட்டார் என்று அவருக்கே தெரியும். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: வீட்டுக்குப் போக வேண்டும், சமையலறையை ஒட்டிய அறையில், அடுப்புச் சத்தமும் நாய் நடக்கிற சத்தமும் காதில் விழ, அங்கே சாக வேண்டும். ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்கு எதிரே இருந்த ஜன்னல் சலவைக்கூடத்தின் சுவரைப் பார்த்தது.

அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால் நாலு வேளையும் வந்து பார்க்க அரசு ஆட்கள் வேண்டும், உயர்த்தித் தாழ்த்தும் கட்டில் வேண்டும், ஆளைத் தூக்கி உட்காரவைக்கும் இயந்திரம் வேண்டும். அதற்குத்தான் விண்ணப்பம். அவர் மனைவி டெலியா எழுபத்தெட்டு வயதில் தினமும் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். திரும்பும் பஸ் டிம்ப்னாவின் அலுவலக வாசலில்தான் நிற்கும். டெலியா அவளுக்கு ஞானஸ்நானத் தொட்டியருகே கையிலேந்தி நின்ற ஞானத்தாய். அதனால் இறங்கியதும் உள்ளே வந்து ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடப்பாள்.

ஜூலை மாதத்து ஒரு திங்கட்கிழமை சுகாதார அலுவலகத்திலிருந்து கோர்மக் கூப்பிட்டான்.

"உங்க ஃபெஸ்டி கேஸ் ஆயிடுச்சு. நாலு வேளை ஆளு, கட்டில், தூக்குற மெஷின், எல்லாம். லெட்டர் போட்டா மூணு நாலு நாள்ல சாமான் இறங்கிடும். எப்ப போடட்டும்?"

டிம்ப்னாவுக்கு நாற்காலியிலிருந்து துள்ளி எழ வேண்டும் போலிருந்தது. கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு உடனே நாடாளுமன்றம் கூடும் டப்ளினுக்கு ஃபோன் அடித்தாள். மலாக்கி எடுத்தார். கேட்டதும் ஆண்டவருக்கு நன்றி என்று இரண்டு தடவை சொன்னார். அது நடிப்பில்லை. ஆண்டவருக்கு நன்றி என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு கேட்டார்:

"கல்லறை ஞாயிறு எப்ப வருது?"

வருடத்துக்கு ஒருமுறை பங்குச்சாமியார் கல்லறைத் தோட்டம் முழுவதையும் மந்திரித்து ஆசீர்வதிக்கும் நாள் அது. டப்ளின், லண்டன் என்று போய்ச் சேர்ந்தவர்கள்கூட அன்றைக்கு வந்து அவரவர் அப்பா அம்மா கல்லறைப் பக்கத்தில் நிற்பார்கள். தேர்தல் கூட்டத்துக்கு வராத கூட்டம் அங்கே வரும்.

"இந்த ஞாயிறு இல்ல, அதுக்கு அடுத்தது" என்றாள் டிம்ப்னா.

"அதுவரைக்கும் வச்சிரு. டெலியா அங்க வராம இருக்க மாட்டாங்க. நேர்ல, கையப் பிடிச்சு நானே சொல்றேன். இந்த மாதிரி சேதியப் போய் தபால்காரன் சொல்லலாமா?"

"ரெண்டு வாரம் ஆயிடுமே. அவர் இருக்கற நிலைமைல..."

"ஃபெஸ்டி இரும்பு மாதிரி ஆளு. பதறாத. அந்த வெள்ளிக்கிழமை நான் தீவுக்குப் போறேன் இல்ல, இந்தத் தடவை யாத்திரையே அவருக்காகத்தான் ஒப்புக்கொடுக்கப் போறேன். ஞாயித்துக்கிழமை காலையில இறங்கினதும் நேரா கல்லறைத் தோட்டத்துக்கு வந்துடறேன்."

தீவு என்றால் டெர்க் ஏரியின் நடுவே இருக்கும் தவத்தீவு. வருடா வருடம் போவார். மூன்று நாள், செருப்பில்லாமல் கூர்க்கற்கள் மேல் முழங்காலிட்டுச் சுற்றி வர வேண்டும். சாப்பாடு நாளுக்கு ஒருவேளை, காய்ந்த ரொட்டியும் பாலில்லாத டீயும். முதல் ராத்திரி கண்ணைமூடக் கூடாது. கைபேசிக்கு அங்கே அனுமதி கிடையாது. அறுபது வயதில் அதைச் செய்வது விளையாட்டில்லை.

டிம்ப்னா கோர்மக்கைக் கூப்பிட்டு, கடிதத்தை நிறுத்தி வை என்றாள். நிறுத்தி வைப்பது புதிதில்லை. ஒருநாள், இரண்டுநாள் எத்தனையோ முறை நிறுத்தியிருக்கிறார்கள். சேதி முன்னாலேயே கசிந்தால் அடுத்த தடவை அந்த ஃபோன் வராது, ஃபோன் வராவிட்டால் எல்லாச் சக்கரமும் நின்றுவிடும் என்பது அவளுக்குப் பாடம். அன்று மாலை டெலியா பஸ்ஸை விட்டிறங்கி உள்ளே வந்து, நனைந்த கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

"ஏதாவது சேதி வந்துச்சா கண்ணு?"

"இன்னும் இல்ல பெரியம்மா. பாத்துக்கிட்டேதான் இருக்கோம்."

அந்தப் பொய் முதல் நாள் சுலபமாகத்தான் வந்தது. சந்தோஷ சேதியை மறைத்து வைத்திருக்கும் குறும்புகூட அதில் இருந்தது. இரண்டாம் நாள் அவள் டீயில் சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டாள். அடுத்த வாரம் வந்தபோது டெலியா கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதுமே டிம்ப்னா எழுந்து கெட்டிலின் பக்கம் திரும்பிக்கொண்டாள். டெலியாவோ நாளுக்கு நாள் நன்றி அதிகமாகச் சொன்னாள். மலாக்கி எத்தனை வேலைக்கு நடுவில் தங்களுக்காக அலைகிறார், டப்ளினில் எத்தனை பேரிடம் கெஞ்சுகிறாரோ என்றாள். ஃபெஸ்டி அந்தச் சுவரைப் பார்த்தபடி, வீட்டுக்கு எப்போ, வீட்டுக்கு எப்போ என்று கோணிய வாயால் கேட்பதை அவள் செய்து காட்டினாள். சிரிப்பதற்காகத்தான் செய்து காட்டினாள். அவளாலேயே முடிக்க முடியவில்லை.

இரண்டாம் வார வியாழக்கிழமை டெலியா டீயைத் தொடவில்லை.

"மனுஷன் சாப்பிடறதை நிறுத்திட்டாரு. டாக்டரம்மா சொல்றாங்க, வீட்டுல ஆளும் கட்டிலும் இருந்தா இன்னிக்கே அனுப்பிடுவோம், இங்க வச்சு நாங்க செய்யறதுக்கு ஒண்ணுமில்லங்கறாங்க. மலாக்கிகிட்ட ஒரு வார்த்தை சொல்றியா? தொந்தரவு பண்றேன்னு நெனைக்க வேணாம்னு சொல்லு."

அவள் போனதும் டிம்ப்னா டப்ளினுக்கு அடித்தாள். மலாக்கி நாடாளுமன்றத்தில் இருந்தார். சாயங்காலம் அவரே திரும்பக் கூப்பிட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், குரல் நடுங்குவதை மறைக்காமலே சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்டிக்காரக் குழந்தை ஒன்று இருட்டுக்குப் பயப்படும்போது அதனிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

"இன்னும் மூணே நாள்தானே டிம்ப்னா. இப்ப ஃபோன்ல சொன்னா அரைகுறையா போயிடும். டெலியாவுக்கு அந்த நாள் ஒரு நல்ல நாளா அமையட்டும். நான் ஜெபம் பண்றேன்."

அவர் அதைக் கணக்கிட்டுச் சொல்லவில்லை என்பது டிம்ப்னாவுக்குத் தெரிந்தது. கூட்டத்தின் நடுவே, மூன்று நாள் பட்டினிக்குப் பின், வெளிறிய முகத்தோடு ஒரு கிழவியின் கையைப் பிடித்து அந்த வார்த்தையைச் சொல்வதை அவர் ஏற்கெனவே மனசுக்குள் பார்த்துவிட்டார். அந்தக் காட்சி அவருக்கு அழகாக இருந்தது. அழகாக இருந்ததால் அது நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பினார்.

வெள்ளிக்கிழமை காலை அவள் கோர்மக்கைக் கூப்பிட்டு, கடிதத்தை இப்போதே போடச் சொன்னாள். கட்டிலை இன்றைக்கே ஏற்றிவிடச் சொன்னாள்.

"முடியாதும்மா. உங்க ஆளு நேத்து ராத்திரி எனக்கே ஃபோன் பண்ணி, ஞாயிறு வரைக்கும்னு சொன்னாரு. நீ சொன்னேன்னு நான் போட்டா, அவர் மந்திரி காதுல ஒரு வார்த்தை போட்டா போதும், திங்கக்கிழமை நான் வேற வேலை தேடணும். அவரே சொல்லட்டும்."

"அவர் தீவுல இருக்காரு."

"அப்ப தீவுலேர்ந்து வரட்டும்."

மலாக்கியின் கைபேசி அணைந்திருந்தது. டிம்ப்னா முடிவு செய்தாள்: சாயங்கால பஸ்ஸில் டெலியா இறங்கும்போது சொல்லிவிடுவது. ஃபோன் வராவிட்டால் வராமல் போகட்டும். டாக்டரம்மாவிடம் டெலியா போய்ச் சொன்னால் ஆஸ்பத்திரியே சுகாதார அலுவலகத்தை உலுக்கும், அங்கே மறைக்க வழியிருக்காது. இதை ஏன் முதல் நாளே யோசிக்கவில்லை என்று கேட்டுக்கொண்டபோது விடை உடனே வந்தது. யோசித்திருந்தாள். வேண்டாமென்று வைத்துவிட்டிருந்தாள்.

பஸ் வந்தது. டெலியா இறங்கவில்லை.

டிம்ப்னா அலுவலகத்தைப் பூட்டிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஃபெஸ்டியின் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். வெளியே நாற்காலியில் டெலியா அவருடைய மூக்குக்கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரைமணி நேரம் ஆகிறது என்றாள். டிம்ப்னா பக்கத்தில் உட்கார்ந்தாள். கொண்டு வந்திருந்த சேதியைச் சொல்ல இனி எந்த இடமும் இல்லை. சலவைக்கூடத்தின் புகைபோக்கியிலிருந்து சூடான சோப்பு வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை ஃபெஸ்டி வீட்டுக்கு வந்தார். பெட்டியில் வந்தார். அவர் கேட்ட அறையிலேயே வைத்தார்கள். நாயை அடுத்த வீட்டில் கட்டிப் போட்டார்கள்.

ஞாயிறு காலை கைபேசி கைக்குத் திரும்பியதும் மலாக்கி டிம்ப்னாவைக் கூப்பிட்டார். சேதி கேட்டு அழுதார். ஏரிக்கரையில் நின்று ஓர் ஆண் விக்கி விக்கி அழுவதை அவள் காதில் வைத்துக் கேட்டாள். மதியம் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தபோது வெடித்த பாதங்களைச் செருப்பில் நுழைத்துக்கொண்டு நொண்டினார். சாமியார் மந்திரித்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டு போகையில், பாதிப்பேர் அவர் காலைத்தான் பார்த்தார்கள். "தீவுலேர்ந்து நேரா வந்திருக்காரு, இன்னும் பட்டினி" என்று ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள். விரதம் அன்று நடுச்சாமம் வரை நீளும்.

அங்கிருந்து இழவு வீட்டுக்கு அவர் காரிலேயே டிம்ப்னாவும் போனாள். அது அவள் வேலை. யார் யார் வந்திருப்பார்கள், பாஸ்டனிலிருந்து வந்த தம்பி மகன் பேர் என்ன, டெலியாவின் அக்கா எந்த ஊரில் கட்டிக்கொடுத்தது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். வாய் தானாகச் சொன்னது. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

வீடு நிறைந்திருந்தது. ஹாம் சாண்ட்விச், முட்டை சாண்ட்விச், பழக்கேக், கொதித்துக்கொண்டே இருக்கும் கெட்டில். பெட்டிக்குத் தலைமாட்டில் டெலியா. வருகிறவர்கள் வரிசையாக வந்து கை கொடுத்து, உங்கள் துக்கத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று முணுமுணுத்து, ஃபெஸ்டியின் நெற்றியைத் தொட்டுவிட்டு, டீ பக்கம் நகர்ந்தார்கள். மலாக்கிக்கு வழி விட்டார்கள். யாரோ ஒரு தட்டை நீட்ட, அவர் கைகூப்பி மறுத்தார். ஷோனிகூட, "விடும்மா, அவரு இன்னும் தீவுலதான் இருக்காரு" என்றார், கேலி இல்லாமல்.

மலாக்கி பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார். நீண்ட நேரம் இருந்தார். எழுந்தபோது கண் சிவந்திருந்தது. டெலியாவின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு அதைச் சொன்னார். யாரும் கேட்காமல், யாரும் பிடுங்காமல், ஆறுதலாகச் சொன்னார்.

"உங்களுக்கு ஒண்ணு தெரியணும் டெலியா. நான் அவருக்கு வாங்கிட்டேன். கட்டில், மெஷின், ஆளு, எல்லாம் வாங்கிட்டேன். இன்னிக்கு உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு வச்சிருந்தேன். அவருக்கு எல்லாம் தயாரா இருந்துச்சுங்கறது உங்களுக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டும்."

அறையில் ஒரு பெருமூச்சு ஓடியது. என்ன மனுஷன் என்ற பெருமூச்சு. டெலியா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப கெடச்சுது?" என்றாள்.

மலாக்கிக்கு உண்மையிலேயே ஞாபகமில்லை. தேதிகள் அவர் வேலையில்லை. திரும்பி, கதவோரம் நின்ற டிம்ப்னாவைப் பார்த்தார். "எப்ப வந்துச்சு டிம்ப்னா? சமீபத்துலதானே?"

சமீபம் என்ற சொல்லை அவர் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆமாம் என்றால் போதும். வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் நல்லது. சாவுவீட்டில் அதை யாரும் பாவமாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். டெலியா ராத்திரி தூங்குவாள். தானும் தன் ஞானத்தாயை இழக்காமல் இருக்கலாம். டிம்ப்னா பெட்டிக்குள் இருந்தவரைப் பார்த்தாள். சாயம் பூசிய கன்னம். கோணிய வாயை நேராக்கியிருந்தார்கள்.

"போன வாரத் திங்கக்கிழமை" என்றாள். "இந்த வாரம் இல்ல. அதுக்கு முந்தின திங்க."

டீக்கோப்பைகளின் சத்தம் நின்றது. டெலியா உதடு அசையாமல் நாட்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கட்டில் வர நாலு நாள் என்று அவளுக்கும் தெரியும், விண்ணப்பம் கொடுத்த அன்றே சொல்லியிருந்தார்கள். பிறகு மலாக்கியை விட்டுவிட்டு டிம்ப்னாவிடம் கேட்டாள்.

"அப்ப தெனமும் தெரிஞ்சுதான் எனக்கு டீ போட்டுக் குடுத்தியா?"

"ஆமா பெரியம்மா."

டெலியா தலையை ஒருமுறை ஆட்டினாள். அவ்வளவுதான். மலாக்கியின் பிடியிலிருந்து கைகளை உருவி, ஃபெஸ்டியின் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

மலாக்கிக்கு என்ன நடந்தது என்று இன்னும் பிடிபடவில்லை. அறை மாறிவிட்டது மட்டும் தெரிந்தது. சாவுவீட்டில் அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பேச்சு தடுமாறும்போது அதைக் கையிலெடுப்பார். "நாளைக்குக் கோயில்லேர்ந்து கல்லறை வரைக்கும் பெட்டிக்கு என் தோளும் இருக்கும் டெலியா" என்றார்.

பெட்டி தூக்குவது ஆறு பேர். அந்த ஊரில் அப்படிக் கேட்டவரை மறுத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. பகையாளி கேட்டாலும் கொஞ்ச தூரம் தோள் மாற்றிக் கொடுப்பார்கள்.

"ஆள் இருக்கு" என்றாள் டெலியா. "நீ வேணாம்."

எம்.பி.யை அவள் நீ என்று சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. பாஸ்டன்காரன் குனிந்து தன் ஷூவைப் பார்த்தான். மலாக்கி கண் கலங்க, புரிகிறது, புரிகிறது என்று தலையை அசைத்துக்கொண்டே பின்வாங்கினார். அவர் வாசலுக்குப் போவதற்குள் மூன்று பேர் அவர் கையைப் பிடித்து, துக்கத்தில் பேசுகிறாள், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார்கள். டிம்ப்னாவை உரசிக்கொண்டு போன ஒருத்தி, "இதைச் சொல்ல இதுவா நேரம்" என்று பல்லைக் கடித்தாள். ஷோனி கையில் கேக்கோடு நின்றார். டிம்ப்னாவைப் பார்த்தார், மலாக்கியைப் பார்த்தார். "பாவம், மனுஷன் பட்டினி கெடந்து வந்திருக்காரு" என்றார்.

வெளியே வெயில் இன்னும் சாயவில்லை. டிம்ப்னாவின் கார் அலுவலக வாசலில் நின்றது, அது வரைக்கும் அவர் காரில்தான் போக வேண்டும். ஏறினாள். வேறு வழி யோசிக்கத் தெம்பில்லை. மலாக்கி மெல்ல ஓட்டினார். புண்பட்ட காலால் பெடலை அழுத்தும்போதெல்லாம் முகம் சுருங்கியது.

"வருத்தத்துல பேசறாங்க" என்றார் கொஞ்ச தூரம் போனதும். "நான் அப்பவே மன்னிச்சிட்டேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உன்மேலயும் எனக்கு வருத்தமில்ல டிம்ப்னா. பொய் சொல்லியிருக்கணும்னு நான் ஒருநாளும் யார்கிட்டயும் கேக்க மாட்டேன். அது உனக்கே தெரியும்." குரலில் ஒரு துளி கோபம்கூட இல்லை. கனிவாக இருந்தது. அந்தக் கனிவு காருக்குள் பரவி அவள் தொண்டை வரை வந்து நின்றது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டாள். பசித்த வயிற்றின் புளித்த மூச்சும் கல்லறைத் தோட்டத்துச் சேறும் கலந்த வாசனை வெளியே போகவில்லை.

அவர் தன் கோட்டுப் பையிலிருந்து ஜெபமாலையை எடுத்து ஸ்டியரிங்கில் சுற்றிக்கொண்டார். ஃபெஸ்டியின் ஆத்துமாவுக்காக என்று சொல்லி ஆரம்பித்தார். ஜெபமாலை ஒருவர் முன்பாதி சொல்ல, கூட இருப்பவர் பின்பாதி சொல்வது. அருள் நிறைந்த மரியே வாழ்க என்று தொடங்கி, முன்பாதியை நிதானமாகச் சொல்லி முடித்து, அவளுக்காக நிறுத்தினார்.

டிம்ப்னா வாயைத் திறக்கவில்லை.

அவர் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு, பாவிகளாகிய எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும் என்ற அவளுடைய பாதியையும் தானே சொன்னார். அடுத்த மணிக்கு விரலை நகர்த்தினார். மறுபடியும் முன்பாதி, ஒரு நொடி இடைவெளி, பின்பாதி. மூன்றாவது மணியில் அந்த இடைவெளியையும் விட்டுவிட்டார். கில்மொரா வரும்வரை இரண்டு பேர் குரலையும் அவரே, ஒரு சொல் தவறாமல், பக்தியோடு சொல்லிக்கொண்டு வந்தார். ஏதோ குறைகிறது என்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.